தட்டைத் திரை வாங்கப் போகிறீர்களா? முதலில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

கண்டி வீதியோரமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அதிகாலை ஐந்து மணிக்குத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது அவரது கடையில் தொலைக்காட்சி போடப்பட்டால், இரவு பத்து மணிக்குக் கடைசிக் கொத்து ரொட்டி கொத்தி முடியும் வரை அது நிற்பதில்லை. பெரும்பாலும் ஒரே செய்தி அலைவரிசைதான். கடையைப் புதுப்பித்தபோது பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, கொழும்பில் ஒரு காட்சியறைக்குச் சென்று, அங்கிருந்தவற்றில் விலை கூடிய 55 அங்குல ஓ.எல்.ஈ.டி. தொலைக்காட்சியொன்றை வாங்கிவந்து சுவரில் பொருத்தினார். சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் படத்தின் தெளிவைப் புகழ்ந்தார்கள்.

ஒரு வருடமும் சில வாரங்களும் கழிந்த பின்னர் நான் அங்கு சென்றிருந்தபோது கிரிக்கெட் போட்டியொன்று ஓடிக்கொண்டிருந்தது. பச்சை மைதானத்தின் அடிப்பகுதியில், அந்தச் செய்தி அலைவரிசையின் தலைப்புச் செய்திப் பட்டை மங்கலாகத் தெரிந்தது. மேல் மூலையில் அதன் இலச்சினை. எந்த அலைவரிசைக்கு மாற்றினாலும் அந்த இரண்டும் போகவில்லை. விற்ற இடத்துக்கு அறிவித்ததும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது உத்தரவாதத்துக்குள் வராது என்று சொல்லிப் போய்விட்டாராம்.

"ஆக வில கூடினதப் பாத்துத்தானே மச்சான் வாங்கினேன். இதவிட நல்லது இல்லண்டுதானே செல்லித் தந்தாங்க" என்று அவர் ஆதங்கப்பட்டார்.

சொன்னவர் பொய் சொல்லவில்லை. அது நல்ல தொலைக்காட்சிதான். ஆனால் அது எங்கே மாட்டப்படப் போகிறது, நாளுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடப் போகிறது, அதில் என்ன பார்க்கப் போகிறார்கள் என்று விற்றவர் கேட்கவில்லை, வாங்கியவரும் சொல்லவில்லை. பல இலட்சம் ரூபா கொடுத்து வாங்கும் ஒரு பொருளில் இப்படியொரு தவறு நேராமல் பார்த்துக்கொள்வது பெரிய வித்தையல்ல. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்களின் அர்த்தம் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

காட்சியறைக்குள் நுழையும் ஒருவர் இன்று எல்.ஈ.டி., கியூ.எல்.ஈ.டி., மினி எல்.ஈ.டி., ஓ.எல்.ஈ.டி. என்று ஏறக்குறைய ஒரே ஓசையுள்ள நான்கு பெயர்களைக் கேட்க நேரிடுகிறது. இவற்றில் முதல் மூன்றும் ஒரே குடும்பம். நான்காவது முற்றிலும் வேறு. ஓசையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. திரையில் தெரியும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கண்டுபிடித்துவிடலாம்.

பிளாஸ்மாவின் கதை

ரூபவாஹினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்திலிருந்து, 1996 இல் லாகூர் இறுதிப் போட்டியை நாமெல்லாம் கூடியிருந்து பார்த்த நாள் வரை, வீட்டில் இருந்தவை பின்பக்கம் பெருத்த கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளே. 2000 களில்தான் தட்டைத் திரைகள் நம்மூர்க் கடைகளுக்கு வரத் தொடங்கின. அப்போது போட்டி பிளாஸ்மாவுக்கும் எல்.சீ.டி.க்கும் இடையில் இருந்தது.

பிளாஸ்மா அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 1964 இல் உருவான கண்டுபிடிப்பு. இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே இலட்சக்கணக்கான நுண்ணிய அறைகள். அவற்றுக்குள் நியோன், செனோன் போன்ற வாயுக்கள். மின்சாரம் பாயும்போது வாயு புற ஊதாக் கதிரை வெளியிட, அது அறையின் சுவரில் பூசப்பட்டுள்ள பொசுபரை ஒளிரச் செய்யும். அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே வெளிச்சம் தந்தது. எனவே கறுப்பு கறுப்பாகவே தெரிந்தது. வேகமாக ஓடும் பந்தும் இழுபடாமல் தெரிந்தது. இன்றும் பிளாஸ்மாவின் படத்தை நினைத்து ஏங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அது மின்சாரத்தை விழுங்கியது. 42 அங்குலப் பெட்டியொன்று 250 முதல் 300 வாட் வரை எடுத்தது. அதேயளவு இன்றைய சாதாரணப் பெட்டி 60 முதல் 90 வாட்டுடன் திருப்தியடைகிறது. வித்தியாசம் 200 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஐந்து மணித்தியாலப் பாவனையில் மாதத்துக்கு 30 அலகுகள். நம் நாட்டு வீட்டு மின்கட்டணம் 60, 90, 120, 180 அலகுகள் என்று படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும். அந்த 30 அலகுகள் ஒரு குடும்பத்தை அடுத்த படிக்குத் தள்ளிவிடப் போதுமானவை. தவிரவும் அதன் நிறை 25, 30 கிலோ. பெனசொனிக் நிறுவனம் 2013 இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சம்சுங், எல்.ஜி. நிறுவனங்களும் 2014 இல் விலகிக்கொண்டன. ஆகவே யாராவது பழைய பிளாஸ்மாவை மலிவாகத் தருகிறேன் என்றால், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும், உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது என்று ஒருமுறை யோசியுங்கள்.

எல்.ஈ.டி. என்பது எல்.சீ.டி.தான்

எல்.சீ.டி. என்றால் திரவப் பளிங்குத் திரை. இந்தப் பளிங்குக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. யன்னல் சட்டகத்தில் ஓலைத்தட்டிகளைத் திறந்து மூடுவதுபோல, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விடுவதும் மறைப்பதுமே அதன் வேலை. தொடக்கத்தில் பின்னாலிருந்து வெளிச்சம் தந்தவை பாதரசம் கலந்த மெல்லிய குழாய் விளக்குகள். பின்னர் அவற்றின் இடத்தில் எல்.ஈ.டி. குமிழ்கள் வந்தன. மாறியது விளக்கு மட்டுமே. முன்னால் இருப்பது அதே திரவப் பளிங்குதான். 2009 இல் சம்சுங் நிறுவனம் இதற்கு "எல்.ஈ.டி. டிவி" என்று பெயரிட்டு விளம்பரம் செய்தபோது, திரையே எல்.ஈ.டி.யால் ஆனது போன்ற எண்ணத்தை அது தருகிறது எனப் பிரித்தானியாவின் விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு ஆட்சேபித்தது. இருந்தும் பெயர் நிலைத்துவிட்டது.

எனவே எல்.ஈ.டி. வாங்குபவர் கேட்க வேண்டியது, அந்தக் குமிழ்கள் எங்கே இருக்கின்றன என்பதை. விளிம்பில் மட்டும் வரிசையாக வைத்து, ஒரு பிளாஸ்ரிக் தட்டின் வழியாகத் திரை முழுவதும் வெளிச்சத்தைப் பரப்புவது ஒரு முறை. பெட்டி மிக மெல்லியதாக இருக்கும். சுவரில் மாட்டினால் அழகு. திரைக்குப் பின்னால் பரவலாகக் குமிழ்களை வைப்பது மற்றைய முறை. பெட்டி சற்றுத் தடிப்பாக இருக்கும். கனடாவின் ஆர்டிங்ஸ் என்ற பரிசோதனை நிறுவனம் 2022 இன் இறுதியில் 100 தொலைக்காட்சிகளைத் தொடர்ந்து ஓடவிட்டு ஆரம்பித்த நீண்டகாலச் சோதனையில், விளிம்பு விளக்குப் பெட்டிகள் பலவற்றில் ஓரத்தில் குவிந்த சூட்டினால் உள்ளே இருக்கும் தட்டுகள் வளைந்தும் வெடித்தும் படத்தின் வெளிச்சம் திட்டுத்திட்டாகிவிட்டது. நமது நாட்டு வெப்பத்தில், மின்விசிறிகூட எட்டாத மூலையில் பெட்டியை வைப்பவர்கள் இதை மனதில் கொள்வது நல்லது. மெலிவுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே எனது அபிப்பிராயம்.

இன்னொரு விடயம் பார்க்கும் கோணம். எல்.சீ.டி.யிலும் இரு வகை உண்டு. ஐ.பி.எஸ். எனப்படுவது பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வி.ஏ. எனப்படுவதில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் போனால் படம் வெளுக்கும். அட்டைப் பெட்டியில் இதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அதனால் காட்சியறையில் நேரே நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல், இரண்டு அடி பக்கவாட்டாக நகர்ந்து பாருங்கள். கீழே குந்தியிருந்தும் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நமது வீடுகளில் வாப்பா கதிரையில் நேராக அமர்ந்திருந்தால், பிள்ளைகள் பாயில் ஒரு பக்கமாகத்தான் கிடப்பார்கள். உம்மா குசினி வாசலில் நின்று பார்ப்பார். பணம் கொடுப்பவருக்கு மட்டும் நிறம் சரியாகத் தெரிந்தால் போதாதல்லவா?

கியூ.எல்.ஈ.டி. என்ற பெயர் 2017 இலிருந்து பரவலாகியது. இதுவும் எல்.சீ.டி.தான். விளக்குக்கும் பளிங்குக்கும் நடுவே குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிக நுண்ணிய துகள்கள் கொண்ட ஒரு படலம் சேர்க்கப்படுகிறது; அதனால் சிவப்பும் பச்சையும் தூய்மையாகத் தெரிகின்றன. அந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு 2023 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானம் உண்மையானது. ஆனால் பின்னாலுள்ள விளக்கு மங்கலாக இருந்தால், நோபல் பரிசுப் படலமும் அதை ஈடுசெய்யாது. மலிவான கியூ.எல்.ஈ.டி. ஒன்றைவிட நல்ல விளக்கமைப்புள்ள வெறும் எல்.ஈ.டி. மேல்.

மினி எல்.ஈ.டி.யில்தான் எல்.சீ.டி. குடும்பம் உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு குமிழ்களைத் திரைக்குப் பின்னால் பரப்பி, அவற்றை வலயங்களாகப் பிரித்து, இருட்டான இடத்தில் விளக்கை அணைத்தும் வெளிச்சமான இடத்தில் கூட்டியும் படம் காட்டுகிறார்கள். டி.சி.எல். நிறுவனம் 2019 இல் இதைத் தொலைக்காட்சியில் அறிமுகப்படுத்தியது. வெளிச்சம் மிக அதிகம். யன்னல் வெயில் நேரே விழும் வரவேற்பறைக்கு இதுபோல் பொருத்தமான வேறொன்றை நான் காணவில்லை. குறை என்னவென்றால், கறுப்பு வானத்தில் ஒரு நிலவு வந்தால் அதைச் சுற்றி மெல்லிய புகைபோல ஒளி கசியும். வலயங்கள் எத்தனை என்று கேளுங்கள். கூடக்கூடக் கசிவு குறையும்.

ஓ.எல்.ஈ.டி.யின் அழகும் ஆபத்தும்

பிளாஸ்மாவின் உண்மையான வாரிசு ஓ.எல்.ஈ.டி. தான். இங்கும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. கொடக் நிறுவனத்தின் இரு விஞ்ஞானிகள் 1987 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. சோனி 2007 இல் ஜப்பானில் விற்ற முதலாவது ஓ.எல்.ஈ.டி. தொலைக்காட்சி வெறும் 11 அங்குலம்தான். எல்.ஜி. 2013 இல் 55 அங்குலத்தைக் கொண்டுவந்தது. இரவில், விளக்கணைத்த அறையில் இதற்கு நிகர் எதுவுமில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுப்பதில்லை. கிரிக்கெட் பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடும்போது வால் விடுவதில்லை.

ஆனால் ஒளி தரும் அந்தச் சேதனப் பொருள் ஒளிரும்போதெல்லாம் சிறிது சிறிதாகத் தேய்கிறது. திரை முழுவதும் சமமாகத் தேய்ந்தால் நமக்குத் தெரியப்போவதில்லை. ஒரே இடத்தில் ஒரே இலச்சினை, ஒரே பட்டை மாதக்கணக்கில் ஒளிர்ந்தால், அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட முந்தி வயதாகிவிடும். அதைத்தான் நண்பரின் கடைச் சுவரில் கண்டேன். நாளுக்கு 17 மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு 6,205 மணித்தியாலம். வீட்டில் நாளுக்கு நான்கு மணித்தியாலம் பார்ப்பவருக்கு அது 1,460 தான். அதாவது கடையில் ஒரு வருடம், வீட்டில் நான்கு வருடத்துக்கும் மேல். அதுவும் வீட்டில் நாடகம், திரைப்படம், கார்ட்டூன், விளையாட்டு என்று படம் மாறிக்கொண்டிருக்கும். ஒரே பட்டை நிற்காது. புதிய பெட்டிகளில் இதைத் தணிக்கப் பல ஏற்பாடுகள் உள்ளன. சாதாரண வீட்டுப் பாவனைக்கு நான் இதைக் கண்டு அஞ்ச மாட்டேன். நாள் முழுதும் செய்தி ஓடும் வீட்டுக்கும் கடைக்கும் வேண்டாம் என்பேன்.

நண்பருக்கு உத்தரவாதம் கிடைக்காமல் போனதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டனவாம். திரையில் பதியும் தழும்பை உத்தரவாதம் உள்ளடக்குவதில்லை என்பது ஒன்று. வீட்டுப் பாவனைக்கான பெட்டியை வியாபார நிலையத்தில் பொருத்தியமை மற்றையது. இவ்விரு நிபந்தனைகளும் பெரும்பாலான உத்தரவாதப் பத்திரங்களில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. கடை, பள்ளிக்கூடம், வைத்தியசாலைக் காத்திருப்பறை, அலுவலகம் ஆகியவற்றுக்கு வாங்குபவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பாக, "வியாபாரப் பாவனைக்கு உத்தரவாதம் உண்டு" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதித்தர மறுத்தால், வியாபார நிலையங்களுக்கென்றே தயாரிக்கப்படும் திரைகள் தனியாக உண்டு. அவற்றின் விலையை விசாரியுங்கள்.

காட்சியறையும் வீடும்

காட்சியறையில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். அங்கே வெளிச்சமான விளக்குகளின் கீழ் கண்ணைப் பறிப்பதற்கென்று, வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஓடுவதும் நிறுவனமே தயாரித்துக் கொடுத்த படம்: கிளி, பழத்துண்டு, நீர்த்துளி. வீட்டில் யாரும் கிளியைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு பென்டிரைவில் கிரிக்கெட் துண்டொன்றையும் இருட்டான திரைப்படக் காட்சியொன்றையும் கொண்டுபோங்கள். ரிமோட்டைக் கேட்டு வாங்கி, சாதாரண அல்லது சினிமா அமைப்புக்கு மாற்றி, இரண்டு மூன்று பெட்டிகளில் அதையே போட்டுப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் பக்கத்துக் கடை இருக்கிறது.

4கே என்ற எழுத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அதில் 2,160 கோடுகள். அன்டெனா வழியாக நாம் இத்தனை காலம் பார்த்துவந்த அனலொக் ஒளிபரப்பில் படத்துக்குரியவை 576 கோடுகள்தான். மீதியைப் பெட்டி தானே ஊகித்து நிரப்ப வேண்டும். அந்த ஊகம் மலிவான பெட்டியில் மோசமாக இருக்கும். பழைய 21 அங்குலப் பெட்டியில் தெளிவாக இருந்த படம் புதிய 55 அங்குலத்தில் கலங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான். இணையம் வழியாகப் பார்ப்பவர்களுக்கே 4கேயின் பலன் கிடைக்கும். அன்டெனாவை நம்பியிருப்பவர்கள் இன்னுமொன்றைக் கேட்க வேண்டும். இலங்கை தனது டிஜிட்டல் ஒளிபரப்புக்காக 2014 இல் ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி முறையைத் தெரிவு செய்தது. பெட்டியில் அந்த முறை உண்டா என்று பாருங்கள்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் அல்லது மருமகன் கையோடு கொண்டுவரும் பெட்டிகளுக்கும் இது பொருந்தும். அங்கே விலை குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கே விற்ற பெட்டிக்கு இங்கே உத்தரவாதம் உண்டா என்று வாங்கும்போதே உறுதிப்படுத்திக்கொள்ளாவிட்டால், பயணத்தில் திரை வெடித்தாலும், வந்து ஒரு மாதத்தில் பழுதானாலும் முழு நட்டமும் நமதே. எந்த வகைப் பெட்டியிலும் திரை உடைந்தால் அதை மாற்றும் செலவு புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும். எல்.சீ.டி.யில் விளக்குப் பட்டி மட்டும் எரிந்திருந்தால், ஊரிலுள்ள திருத்துநரே குறைந்த செலவில் மாற்றித் தருவார். ஓ.எல்.ஈ.டி.யில் மாற்றுவதற்குத் தனியாக விளக்கு என்று ஒன்றில்லை.

தவணை முறையில் வாங்குபவர்கள் மாதாந்தத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். பேச்சுக்கு, ரொக்க விலை 150,000 ரூபா. தவணையில் மாதம் 8,500 ரூபா வீதம் 24 மாதம் என்றால் மொத்தம் 204,000 ரூபா. அந்த 54,000 ரூபாவைச் சேர்த்துவைத்துச் சில மாதம் பொறுத்திருந்தால், சாதாரண எல்.ஈ.டி.க்குப் பதில் ஒரு மினி எல்.ஈ.டி.யே கைக்கு எட்டியிருக்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போன நாட்களுக்குப் பின்னர், பொறுத்தால் விலை ஏறிவிடும் என்ற பயம் நம்மிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. விற்பவர்களும் அதை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 55 அங்குலத் திரையின் அகலம் நான்கு அடி. அதற்கு ஆறு, ஏழு அடி தூரத்தில் உட்கார்ந்தால் வசதியாக இருக்கும். பத்து அடி தூரமுள்ள அறைக்கு 65 அங்குலமும் பெரிதல்ல. எட்டடிக்கு எட்டடி அறைக்கு 43 போதும். பெட்டியை வாங்கிய பிறகு சுவரை அளப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மின்னல் கூடிய மாலைகளில் மின்செருகியைக் கழற்றினால் மட்டும் போதாது, அன்டெனா வயரையும் கழற்றுங்கள். இடி அந்த வழியாகவும் உள்ளே வரலாம்.

சாப்பாட்டுக் கடை நண்பர் இப்போது 43 அங்குல எல்.ஈ.டி. ஒன்றைக் கடையில் பொருத்தியிருக்கிறார். பின்னால் குமிழ்கள் பரவியுள்ள சற்றுத் தடித்த பெட்டி. வியாபாரப் பாவனைக்கு இரண்டு வருட உத்தரவாதம் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். ஓ.எல்.ஈ.டி. வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே பேரப்பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள். வெள்ளை நிறம் வரும்போது அடியில் அந்தச் செய்திப் பட்டை இன்னும் தெரிகிறதாம். சின்னவள் அதைத் தொட்டுத் தொட்டுத் துடைக்கப் பார்க்கிறாள் என்று சொன்னார்.